எட்டு இடத்தில் வேண்டாம் என்றார்கள்: விமானி பிரேம் மாத்தூர்



சாதனைப் பெண்கள் பகுதிக்கு எழுதச் சொன்னா எல்லாரும் கல்பனா சாவ்லாவைத்தான் எழுதுவாங்க. அவங்க பெரிய ஆளுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா 1997இல் அவர் விண்வெளிக்குப் போனதற்கு ஐம்பது வருடம் முன்னாடியே நம்ம நாட்டில் ஒரு பெண் விமானி வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர்தான் பிரேம் மாத்தூர். இந்தியாவில் விமானக் கம்பெனியில் விமானியாக வேலை பார்த்த முதல் பெண். பொது அறிவுப் புத்தகத்தில் அவர் பெயர் ஒரே ஒரு வரியில் வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் உள்ளதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு முன்னால்

1936இல் லாகூரில் சர்லா துக்ரல் என்ற பெண் 21 வயதில் விமானி லைசென்ஸ் வாங்கினார். சேலை உடுத்திக்கொண்டு ஜிப்ஸி மாத் என்ற சின்ன விமானத்தைத் தனியாக ஓட்டினார். ஆனால் அது நமக்காக நாமே ஓட்டுவதற்கான லைசென்ஸ். சம்பளத்துக்கு ஓட்ட வேண்டுமென்றால் வணிக விமானி லைசென்ஸ் என்று வேறு ஒன்று வேண்டும். அதற்கும் அவர் படிக்கப் போனார். அதுக்குள்ள இரண்டாம் உலகப் போர் வந்து பயிற்சி நின்னு போச்சு. அவர் விட்ட இடத்தில் இருந்துதான் பிரேம் மாத்தூர் கதை தொடங்குகிறது.

எட்டு மறுப்பு

பிரேம் மாத்தூர் அலகாபாத் பறக்கும் சங்கத்தில் பயிற்சி பெற்று 1947இல் வணிக விமானி லைசென்ஸ் வாங்கினார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அதே வருடம். அப்போது போர் முடிந்திருந்த நேரம். ராணுவத்துக்குத் தேவையில்லாமல் போன டக்கோட்டா விமானங்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, நிறையப் பேர் விமானக் கம்பெனி தொடங்கினார்கள். எனவே வேலைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் எட்டுக் கம்பெனிகள் அவருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டன. அவர் பெண் என்பதுதான் காரணம்.

நாம ஒரு இடத்துல வேண்டாம்னு சொன்னாலே மறுநாள் முகத்தைத் தூக்கி வச்சுட்டு இருப்போம். அவர் எட்டுக்குப் பிறகும் எழுதிப் போட்டார். ஹைதராபாத்தில் இருந்த டெக்கான் ஏர்வேஸ் அவரைத் துணை விமானியாகச் சேர்த்துக்கொண்டது.

வலது சீட்டும் இடது சீட்டும்

நம்ம பஸ்சில் டிரைவர் வலது பக்கம் இருப்பார். விமானத்தில் அதற்கு நேர் எதிர். கேப்டன் இடது பக்கம் இருப்பார், துணை விமானி வலது பக்கம். இரண்டு பேருமே ஓட்டுவார்கள். ஆனால் புறப்படலாமா, திரும்பிப் போகலாமா, வேறு ஊரில் இறக்கலாமா என்று கடைசியாக முடிவு செய்கிறவர் கேப்டன் மட்டும்தான்.

டெக்கான் ஏர்வேஸில் ஓடியது டக்கோட்டா. இரண்டு எஞ்சின், இருபதுக்கு மேல் பயணிகள். இப்போதைய விமானம் மாதிரி மேகத்துக்கு மேலே ஏறிப் போக அதனால் முடியாது. தாழ்வாகத்தான் பறக்கும். மழை, காற்று எல்லாத்துக்கும் ஊடேதான் போகணும். அதைத்தான் அவர் ஓட்டினார். இந்திரா காந்தி, லால் பகதூர் சாஸ்திரி, லேடி மவுண்ட்பேட்டன் ஆகியோர் அவர் ஓட்டிய விமானங்களில் பயணம் செய்திருக்கிறார்கள். 1949இல் தேசிய விமானப் பந்தயத்தில் அவரே முதலிடம் பெற்றார்.

கேப்டன் ஆக இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கையும் அவர் முடித்துவிட்டார். ஆனாலும் இடது சீட்டை அவருக்குக் கொடுக்கவில்லை. ஓட்டப்பந்தயத்துல பர்ஸ்ட் வந்த பிள்ளையிடம், நீ ஓடு, ஆனா கேப்டன் வேற ஆளுன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான்.

முதலாளியின் விமானம்

அவர் அந்த வேலையை விட்டார். டில்லிக்குப் போய் தொழிலதிபர் ஜி.டி. பிர்லாவின் சொந்த விமானத்துக்கு விமானி ஆனார். காந்தியடிகள் கடைசி நாட்களில் தங்கியிருந்த பிர்லா மாளிகை என்று பாடத்தில் படித்திருக்கிறோமே, அந்தப் பிர்லாதான்.

இந்த இடத்தில் சிலர் நினைக்கலாம், பெரிய கம்பெனியை விட்டுட்டு ஒரு முதலாளிகிட்ட போறது கீழே இறங்குறதுதானேன்னு. எனக்கு அப்படித் தோணல. அரசு பஸ் ஓட்டுகிறவரையும் ஒரு முதலாளியின் கார் ஓட்டுகிறவரையும் யோசித்துப் பாருங்கள். பஸ்சுக்கு நேரம் உண்டு, வழி உண்டு, டெப்போவில் மெக்கானிக் உண்டு. கார் டிரைவர் முதலாளி சொன்ன நேரத்துக்கு, சொன்ன ஊருக்குப் போகணும். வழியில் எது வந்தாலும் அவரே பார்க்கணும். சொந்த விமானத்து விமானிக்கும் அப்படித்தான். வானிலை, பெட்ரோல், எடைக் கணக்கு எல்லாம் அவர் தலையில். அதனால் பொறுப்பும் அவர் கையில்.

இன்னொன்றும் உண்டு. விமானிகள் பறந்த நேரத்தை எல்லாம் லாக் புக் என்ற நோட்டில் எழுதி வைப்பார்கள். முதலாளியின் விமானத்தில் பறந்த மணியும் அதில் மணிதான். இப்போதுள்ள விதிப்படி 18 வயது ஆகி 200 மணி நேரம் பறந்திருந்தால் வணிக விமானி லைசென்ஸ். 21 வயதும் 1500 மணி நேரமும் ஆனால் பெரிய விமானத்துக்குக் கேப்டன் ஆவதற்கான லைசென்ஸ். அதனால்தான் இன்றைக்கும் பல பேர் முதலில் சின்ன விமானம் ஓட்டி, பிறகு பெரிய கம்பெனிக்குப் போகிறார்கள். போனதும் முதல் வரிசையில் உட்கார முடியாது. சேர்ந்த தேதிப்படிதான் மூப்பு. பழைய அனுபவம் எவ்வளவு இருந்தாலும் வரிசையில் கடைசியில் இருந்து தொடங்கணும். புது விமானத்துக்குப் புதுப் பயிற்சி, புதுப் பரீட்சை.

1953

1953இல் அரசாங்கம் உள்நாட்டில் ஓடிய எட்டு விமானக் கம்பெனிகளை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியது. (அந்த எட்டும் வேலை கொடுக்காத எட்டும் ஒண்ணுதான்னு நெனச்சுராதீங்க.) டெக்கான் ஏர்வேஸும் அதில் கரைந்துபோனது. பிரேம் மாத்தூர் அதே வருடம் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்து, பணிக்காலம் முழுவதும் அங்கேயே இருந்தார். இடது சீட்டு கொடுக்காத கம்பெனியின் பெயர் இல்லாமல் போச்சு. இவர் பெயர் நிலைச்சுட்டு.

அவர் 1992 டிசம்பரில் காலமானார். அதற்கு முன்பே, 1985இல், இந்தியன் ஏர்லைன்ஸில் இரண்டு விமானிகளும் பெண்களாகவே கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு விமானம் ஓட்டிவிட்டார்கள். அதில் கேப்டன் சௌதாமினி தேஷ்முக். இன்றைக்கு இந்திய விமானிகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் பெண்கள். உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் இதைவிடக் குறைவுதான்.

நமக்கு என்ன?

நம்ம மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. திருவனந்தபுரத்துக்குப் போற விமானத்தை அண்ணாந்து பாக்குறதோட சரி. விமானப் பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். எல்லாரும் விமானி ஆகுங்கன்னு நான் சொல்ல வரல.

எங்க பெரியம்மை மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தாள். வீட்டில் கஷ்டம், மேல படிக்க அனுப்பல. இப்போ அண்டி ஆபீசுக்குப் போறா. காலையில் போனா சாயங்காலம் கையெல்லாம் அண்டிக் கறையோட வருவா. அவ படிப்பு அவ்வளவுதான்னு ஊர்ல எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. ஆனா அவ ராத்திரி சாப்பிட்டதும் புத்தகத்தை எடுத்துருவா. பிரைவேட்டாகப் பரீட்சை எழுதப் பணம் கட்டியிருக்கிறாள். பிரைவேட்டா எழுதுனா மதிப்பு கம்மின்னு ஒரு பேச்சு உண்டு. நான் அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். முதலாளியின் விமானத்தில் பறந்த மணியும் மணிதான். பிரைவேட்டாக எடுத்த மார்க்கும் மார்க்தான்.

நம்ம வகுப்பிலும் பத்தோடு நிறுத்திருவாங்களோன்னு பயப்படுற பிள்ளைகள் இருக்காங்க. யாருன்னு எழுத மாட்டேன். நேர் வழி அடைச்சா பக்கத்து வழி இருக்கான்னு டீச்சர்கிட்டயோ சார்கிட்டயோ கேளுங்க மக்களே. கேட்க வெட்கப்படாதீங்க. எட்டு இடத்தில் கேட்ட பிறகும் ஒருத்தர் கேட்டிருக்கிறார்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி