சொந்தத்தில் நிக்காஹ், பரம்பரை நோய்: 900 ஆண்டுகளுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி சொன்னது என்ன?

பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. இரு வீட்டாருக்கும் சம்மதம். ஆனால் ரத்தப் பரிசோதனையில் இருவரிடமுமே தலசீமியா மரபணு இருப்பது தெரிகிறது. அப்போ, நிக்காஹ் நடத்தலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு மார்க்கத்தில் பதில் தேடுபவர்கள் அடிக்கடி போய் நிற்கும் இடம், மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில் வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி.

யார் இவர்?

இன்றைய ஈரானின் வடகிழக்கில் உள்ள தூஸ் நகரில் 1058ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். நிஷாப்பூரில் இமாம் ஜுவைனியிடம் படித்தார். 1091ல் பாக்தாத்தின் புகழ்பெற்ற நிஜாமிய்யா மதரஸாவில் பேராசிரியர் ஆனார். அப்போது வயது 33தான்.

நான்கே ஆண்டுகளில் எல்லாம் மாறியது. 1095ல் பாடம் நடத்த முடியாதபடி பேச்சு நின்றுபோனது. சாப்பாடும் இறங்கவில்லை. வைத்தியர்கள் கைவிரித்தார்கள். பதவியை உதறிவிட்டு டமாஸ்கஸ், ஜெருசலேம், மக்கா என்று பயணம் போனார். அந்தக் காலகட்டத்தில் உருவானதுதான் 40 பகுதிகள் கொண்ட 'இஹ்யா உலூமித்தீன்'.

திருமணம் பற்றி என்ன எழுதினார்?

இஹ்யாவின் ஒரு பகுதி முழுக்க நிக்காஹ் பற்றியது. மணப்பெண்ணிடம் பார்க்க வேண்டியவை என்று 8 விஷயங்களைப் பட்டியல் போடுகிறார். எட்டாவது, அவர் மிக நெருங்கிய ரத்த சொந்தமாக இருக்கக் கூடாது என்பது. பிறக்கும் குழந்தை பலவீனமாக இருக்கும் என்பது அவர் காட்டிய காரணம்.

இதற்கு அவர் ஆதாரமாகக் காட்டிய ஹதீஸ் உறுதியானது அல்ல என்று பிற்கால ஹதீஸ் அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா மகள், மாமா மகளை மணப்பது இஸ்லாத்தில் ஹராமும் இல்லை. ஆக, இது தடை அல்ல, ஆலோசனை மட்டுமே.

இன்றைக்கு அதிகம் பேசப்படுவது அவருடைய இன்னொரு கருத்து. மார்க்கச் சட்டங்களின் நோக்கம் ஐந்து விஷயங்களைக் காப்பது என்று 'அல் முஸ்தஸ்ஃபா' நூலில் வகுத்தார்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, சொத்து. திருமணத்துக்கு முன் பரிசோதனை செய்யலாம் என்று சொல்லும் இன்றைய அறிஞர்கள், இதில் உள்ள 'சந்ததி'யைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

ஏன் முன்கூட்டியே தெரிய வேண்டும்?

தலசீமியா மரபணு ஒருவரிடம் மட்டும் இருந்தால் குழந்தைக்குக் கடுமையான நோய் வராது. இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25% வாய்ப்பு உண்டு. அப்படிப் பிறக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

கஸ்ஸாலியின் இன்னொரு தீர்ப்பு இங்கே முக்கியம். கரு உருவாகாமல் தவிர்ப்பது கூடும் என்றார் அவர். ஆனால் உருவான கருவைக் கலைப்பது குற்றம், கரு வளர வளரக் குற்றமும் பெரிதாகும் என்றார். அவர் வழியில் பார்த்தால், யோசிக்க வேண்டிய நேரம் கர்ப்பத்துக்கு முன்புதான்.

அவர் பிறந்த மண்ணில் இன்று என்ன நடக்கிறது?

ஈரானில் 1997 முதல் திருமணத்துக்கு முன் தலசீமியா பரிசோதனை கட்டாயம். முதலில் மணமகனுக்கு ரத்தப் பரிசோதனை. சந்தேகம் இருந்தால் மணமகளுக்கும். இருவரிடமும் மரபணு இருந்தால் மருத்துவ ஆலோசனை தருகிறார்கள். அதன் பிறகும் மணப்பதா வேண்டாமா என்பது ஜோடியின் முடிவுதான். 2005ல் வந்த சட்டம், கடுமையான நோயுள்ள கருவை நான்கு மாதத்துக்குள் கலைக்கவும் அனுமதித்தது.

ஈரான் ஷியா நாடு. கஸ்ஸாலியோ ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த சுன்னி அறிஞர். அதனால் இது அவர் பெயரில் வந்த சட்டம் அல்ல. கருக்கலைப்பு விஷயத்தில் அவர் தீர்ப்போடு ஒத்துப்போகவும் இல்லை.

ஆனால் ஒன்று. எல்லோரும் சட்டம் படிக்க ஓடுகிறார்கள், மருத்துவம் படிக்க ஆளில்லை என்று அந்தக் காலத்திலேயே வருத்தப்பட்டவர் கஸ்ஸாலி. மருத்துவம் கற்பது சமுதாயத்தின் மீதுள்ள கடமை என்றும் எழுதினார்.

1111ல், சொந்த ஊரான தூஸிலேயே காலமானார். நிக்காஹ் பேசும்போது பிறக்கப்போகும் குழந்தையையும் கணக்கில் எடுக்கச் சொன்ன அவருடைய ஆலோசனைக்கு, இன்று ஒரு ரத்தப் பரிசோதனை துணை நிற்கிறது.