பனிப்பள்ளமும் பாலாற்றங்கரையும்

எவரெஸ்ட் உச்சிக்கு ஆயிரம் அடி கீழே வரை சென்று மீண்ட ஒருவர், பன்னிரண்டு ஆண்டுகள் நம் வேலூரில் வாழ்ந்தார். அவர் மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல்.

1890இல் இங்கிலாந்தின் கெண்டலில் பிறந்த அவர், முதல் உலகப் போரில் பிரான்சுக் களத்தில் அறுவை மருத்துவராக உழைத்தார். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் முயற்சியில், சூன் 7 அன்று சரிந்த பனி ஏழு சுமைதூக்கிகளை மாய்த்தது. உடன் சென்ற வெள்ளையர் யாவரும் பிழைத்தனர். அத்துயர் அவர் நெஞ்சை உறுத்தியது. பின்னர்த் தென்னாட்டைச் சுற்றியவர், நெய்யூர் மருத்துவமனையில் நோயாளர் திரளையும் மருத்துவர் இன்மையையும் கண்டு, அங்கேயே பணியாற்றத் துணிந்தார்.

1924 மே மாதம் வடகணவாயில் நான்கு சுமைதூக்கிகள் சிக்கினர். நார்ட்டன், மாலரியுடன் மேலேறிய சாமர்வெல், கயிறு போதாத பனிச்சரிவில் கைநீட்டி அவர்களை மீட்டார். சூன் 4 அன்று செயற்கை உயிர்வளியின்றி ஏறத்தாழ 28,000 அடி உயரம் எய்தினார். தொண்டைப் புண் மூச்சை அடைக்கவே, நார்ட்டனை மட்டும் மேலே அனுப்பினார். உச்சியின் அடியிலிருந்து செங்குத்தாக இறங்கும் பெரும் பனிப்பள்ளத்தில் நுழைந்த நார்ட்டன், 28,126 அடியில் திரும்பினார். இறங்குகையில் சாமர்வெல்லின் மூச்சு முற்றும் அடைத்தது. தம் மார்பைத் தாமே அழுத்தி, அடைப்பைக் கக்கிப் பிழைத்தார்.

நெய்யூரில் நெடுங்காலம் உழைத்தபின், 1949 முதல் 1961 வரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். 1975இல் மறைந்தார்.

அப்பனிப்பள்ளம் நார்ட்டன் பெயரால் வழங்குகிறது. சாமர்வெல்லின் பெயரைக் காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி தாங்கி நிற்கிறது.