எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895 – 1948)

ஒரே பரீட்சையில் இருமுறை சித்தியடையத் தவறிய ஒருவர், பின்னாளில் பல்லாயிரம் உயிர்களைக் காத்த மருந்துகளை உலகுக்குத் தந்தார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் சுப்பாராவ்.

இளமையும் கல்வியும்

இவர் 1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் நோயினால் தொழிலை இழந்து காலமானார். குடும்பம் வறுமையில் வாடியது. மெட்ரிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறிய சுப்பாராவ், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையில் கற்று மூன்றாம் முறை சித்தியடைந்தார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுச் சத்திரசிகிச்சைக்கும் கதராடை அணிந்தமையால் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனிலும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

சகோதரர்களின் மறைவு

இக்காலத்தில் இவருடைய சகோதரர் இருவர் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். காரணம் 'ஸ்புரூ' எனும் வெப்பவலயக் குடல்நோய். இந்நோயில் சிறுகுடலின் உட்சுவர் பழுதடைவதால் உண்ட உணவின் சத்துகள் உடலில் சேர்வதில்லை. நீண்டநாள் வயிற்றோட்டம், நாக்குப்புண், குருதிச்சோகை என்பன தோன்றி நோயாளி மெலிந்துபோவார். அன்று இதற்குத் தக்க மருந்து இருக்கவில்லை. தாமும் மருத்துவம் கற்றிருந்தும் சகோதரர்களைக் காக்க முடியாத நிலை.

அமெரிக்காவில்

மாமனாரின் உதவியுடன் 1922 ஒக்டோபரில் பொஸ்ரன் நகரை அடைந்தார். இரவில் வைத்தியசாலையில் எடுபிடி வேலை செய்து, பகலில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் வெப்பவலய மருத்துவம் கற்றார். குருதியில் பொசுபரசை அளவிடும் முறையை 1925இல் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். தசை இயங்கச் சக்தி தரும் ஏ.ரி.பி. எனும் பொருளையும் இருவரும் கண்டறிந்தனர். எனினும் அங்கு நிரந்தரப் பதவி கிடைக்காமையால் 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து ஆய்வுகளை வழிநடத்தினார்.

நோய்க்குக் கிடைத்த மருந்து

கர்ப்பிணிகளின் ஒருவகைக் குருதிச்சோகை மதுவச் சாற்றினால் குணமாவதை, லூசி வில்ஸ் என்ற பெண் வைத்தியர் மும்பையில் ஏற்கெனவே கண்டிருந்தார். அதற்குக் காரணமான சத்தே போலிக் அமிலம். ஈரலில் இது மிகச் சிறிதளவே உண்டு. எனவே ஈரலிலிருந்து பிரித்தெடுத்து எல்லா நோயாளிகளுக்கும் கொடுப்பது இயலாத காரியம். சுப்பாராவின் குழுவினர் 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தனர். ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நாக்குப்புண் ஆறியது; குருதிச்சோகை நீங்கியது. தம் சகோதரர்களைப் பறித்த நோய்க்கான மருந்து அவருடைய ஆய்வுகூடத்திலேயே உருவாயிற்று! இன்று இந்நோய்க்குப் போலிக் அமிலத்துடன் தெற்றாசைக்கிளின் வகை மருந்தும் கொடுக்கப்படுகின்றது. அவ்வகையின் முதல் மருந்தும் அவரது பிரிவிலேயே, டகர் என்பவரால் கண்டறியப்பட்டது.

யானைக்கால் நோய்க்கான டி.ஈ.சி., குருதிப் புற்றுநோய்க்கான மருந்து ஆகியனவும் அங்கிருந்தே வந்தன. தாயகம் திரும்பாமலே 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில் காலமானார்.

மாணவர்களே, உங்கள் ஊர்த் தாய் சேய் நிலையத்தில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கப்படும் போலிக் அமில மாத்திரையைக் கண்டிருப்பீர்கள். இலங்கை 2016இல் யானைக்கால் நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டதிலும் டி.ஈ.சி. மாத்திரைக்குப் பெரும் பங்குண்டு. பரீட்சையில் ஒருமுறை தவறினால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். மூன்றாம் முறையும் பரீட்சை மண்டபத்துக்குச் சென்ற அந்த மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி

1. ஸ்புரூ நோயின் அறிகுறிகள் மூன்று தருக.
2. போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்க வேண்டியிருந்தது ஏன்?
3. சுப்பாராவ் எதிர்கொண்ட தடைகள் இரண்டினைக் குறிப்பிட்டு, அவற்றை அவர் வென்ற விதத்தை விளக்குக.