தென்கடலிற் கதை சொன்னவர்

கடலோடுவோருக்கு விளக்கேற்றி வைப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பம் ஒன்று ஸ்கொத்லாந்திலே வாழ்ந்தது. பாட்டனார், தந்தையார், பெரிய தந்தையர் யாவரும் கலங்கரை விளக்கங் கட்டிய பொறியியலாளர்கள். அக்குடும்பத்திலே, 1850ஆம் ஆண்டு நவம்பர் 13ஆந் திகதி, எடின்பரோ நகரிற் பிறந்தவர் றொபேட் லூயி ஸ்டீவன்சன்.

இளமை தொட்டே நெஞ்சு நோய் அவரை வாட்டியது. குலத்தொழிலைக் கற்கத் தொடங்கிக் கைவிட்டார். சட்டம் பயின்று 1875இல் நியாயவாதியானார், அத்தொழிலையும் நடத்தினாரல்லர். எழுத்தே அவரை ஆட்கொண்டது. ‘புதையல் தீவு’ 1883இல் நூலாகி, உலகச் சிறுவர் உள்ளங்களிலெல்லாம் ஒரு தீவை எழுப்பியது. ஆனால், அதனைப் படைத்தவரோ வெப்பக்கடலின் தீவொன்றையேனும் அதுவரை கண்டவரல்லர். பின்வந்த ஆண்டுகளிற் பெரும் பகுதி நோய்ப்படுக்கையிலேயே கழிந்தது.

1887இல் தந்தையார் காலமானார். குளிர்நாட்டை விட்டு நீங்குமாறு மருத்துவர் கூறினர். தாயார், மனைவி பானி, மனைவியின் முதல் மணத்து மைந்தர் லொயிட் ஆகியோருடன் அமெரிக்கா சென்றார். தென்கடற் பயணம் பற்றிய கட்டுரைகளுக்குப் பதிப்பாளர் ஒருவர் பணந்தர முன்வந்தார். பானி கலிபோர்னியாவிலே ‘காஸ்கோ’ என்னும் பாய்க்கப்பலைத் தேடிப் பிடித்தார். ஏறக்குறையத் தொண்ணூற்றைந்து அடி நீளம், இரண்டு பாய்மரம், உள்ளே வெல்வெற்று மெத்தையிட்ட அறைகள். செல்வர் ஒருவரின் உல்லாசக் கலம் அது. தந்தையார் விட்டுச்சென்ற பொருளிற் பெரும்பங்கை அதற்கே செலவிட்டார் ஸ்டீவன்சன். நோயாளியின் தோற்றத்தைக் கண்ட கப்பற்றலைவர் ஒட்டிஸ், கடலில் உடலை அடக்கஞ் செய்வதற்கு வேண்டியவற்றையும் உடன் எடுத்துச் சென்றார் என்பர்.

1888ஆம் ஆண்டு யூன் 28ஆந் திகதி சன் பிரான்சிஸ்கோவிலிருந்து கலம் புறப்பட்டது. ஒரு மாத காலம் கரையே தென்படவில்லை. யூலை 28ஆந் திகதி, மார்க்கேசத் தீவுகளுள் ஒன்றாகிய நுக்குகீவாவில், அனகோக் குடாவிலே நங்கூரமிட்டனர். சாவதற்குச் செல்கிறார் எனப் பிறர் எண்ணிய மனிதர், வெறுங்காலுடன் வெயிலில் உலாவினார். நீரில் இறங்கிச் சிப்பி பொறுக்கினார்.

ஆயினும், அவர் கண்டது இன்பக் காட்சி மாத்திரமன்று. அம்மையும் சயரோகமும் புகுந்து அத்தீவு மக்களை வாரிக்கொண்டிருந்தன. குடிகள் அழிந்துபோன வீடுகளின் கல்மேடைகள் காட்டிலே வெறிதே கிடந்தன. சயரோகி என்று தாமே ஒதுங்கி வாழ்ந்தவர், ஓரினமே அந்நோயால் மாய்வதை எதிரே கண்டார். தம் நாட்டு மலைவாழ் மக்கள், 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தோற்றபின், ஆயுதமும் உடையும் தலைவர்தம் அதிகாரமும் பறிக்கப்பட்டு நின்ற நிலை அவர் நினைவுக்கு வந்தது. அக்கதைகளை அவர் தீவினருக்குச் சொன்னார். அவர்களோ தம் முன்னோர் கதைகளை எடுத்துரைத்தனர். ஐயம் நீங்கி நட்பு மலர்வதற்குக் கதையே வாயிலாயிற்று.

பின்னர்ப் பவளத்தீவாகிய பக்கராவாவிற் சில காலந் தங்கித் தாகித்தியை அடைந்தனர். அங்கே நோய் மீண்டுந் தாக்கியது. தவுத்தீரா என்னும் சிற்றூரின் தலைவர் ஓரி அவர்களைத் தம் இல்லத்தில் ஏற்றார். அவ்வேளையிலே பாய்மரம் உளுத்திருப்பது தெரியவந்தது. பெருங்கடலில் அது முறிந்திருப்பின் அனைவரும் மாண்டிருப்பர். திருத்த வேலைக்காகக் கலம் பப்பீற்றித் துறைமுகஞ் சென்றது. வாரங்கள் கழிந்தும் திரும்பவில்லை. உணவும் பணமுங் குறைந்தன. வந்த விருந்தினர் வறியராயினர். ஓரியோ தம் உடைமையெல்லாம் அவர்க்கும் உரியதே என்றார். பின், கொந்தளிக்குங் கடலிலே படகு செலுத்திச் சென்று உணவுப் பொருள் கொணர்ந்தார். அந்நாட்டு வழக்கப்படி இருவரும் பெயர் மாற்றிக்கொண்டு உடன்பிறந்தாராயினர். அவ்வூரிலிருந்து நத்தார் தினத்தன்று விடைபெற்றபோது இரு திறத்தாரும் கண்ணீர் உகுத்தனர்.

1889 சனவரியில் ஹொனலூலுவை அடைந்து, ‘காஸ்கோ’வைத் திருப்பியனுப்பினார். தாய்நாடு திரும்பும் எண்ணம் இருந்தது. ஆனால் உடல் இடந்தரவில்லை. வேறொரு வணிகக் கப்பலேறிக் கில்பேட் தீவுகளைக் கண்டு, அவ்வாண்டு டிசம்பரிற் சமோவா சேர்ந்தார். அங்கேயே நிலம் வாங்கி இல்லம் அமைத்தார். கதை சொல்பவர் எனப் பொருள்படும் ‘தூசித்தாலா’ என்ற பெயரை அம்மக்கள் அவருக்குச் சூட்டினர்.

பிரித்தானியா, செருமனி, அமெரிக்கா ஆகிய மூன்று வல்லரசுகளும் அச்சிறு நாட்டை அலைக்கழித்தன. அவர் வாளாவிருந்தாரல்லர்; அநீதியை எடுத்துக்காட்டி 1892இல் நூல் வெளியிட்டார். தோற்ற தலைவர் மத்தாபாவின் துணைவர்கள் சிறையிலிடப்பட்டபோது உணவளித்து ஆதரித்தார். விடுதலை பெற்ற அவர்கள், 1894இல், அவர் இல்லத்துக்குத் தம் கைகளாலேயே பாதை வெட்டிக் கொடுத்தனர்.

அவ்வாண்டு டிசம்பர் 3ஆந் திகதி மாலை, மனைவியுடன் உரையாடிக்கொண்டு நின்றவர் மூளையிற் குருதி பெருகிச் சாய்ந்தார், அன்றிரவே மறைந்தார். வயது நாற்பத்து நான்கே. அத்தனை ஆண்டு அவரை அச்சுறுத்திய நெஞ்சு நோய் அன்று அவரைக் கொண்டுசெல்லவில்லை. மறுநாட் காலை சமோவர் காடு வெட்டி வழி செய்தனர். பேழையைத் தோள்மாற்றிச் சுமந்து, வாயா மலையுச்சியில் அடக்கஞ் செய்தனர்.

நலந்தேடிச் சில மாதப் பயணமாகவே அவர் புறப்பட்டார். அது அவருக்கு ஆறாண்டு வாழ்வைத் தந்தது. அவ்வாறாண்டையும் தம் உடலைப் பேணுவதில் மாத்திரம் அவர் செலவிட்டிருப்பின், அம்மலைமீது அவரைச் சுமந்தேற அத்தனை தோள்கள் முன்வந்திரா.