உப்பிட்டவர் யார்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று நம் பெரியோர் சொல்லிவைத்தனர். மயிலாப்பூர்க் கடற்கரையோரத்தில் 'பீச் ஹவுஸ்' என்னும் மாளிகையில் வசித்த ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அந்த நெறியை மீறிவிட்டார் என்பதே, 1918ல் ஆளவந்தார்கள் அவர்மேல் சாட்டிய குற்றத்தின் சாரம். வழக்கு மிகப் பழையது. எனினும் தேசத்துக்குக் கடமையா, சம்பளம் கொடுத்த எஜமானுக்குக் கடமையா என்ற கேள்வி பழையதாகிவிடவில்லை.

மணி ஐயர் என்று ஜனங்கள் அன்புடன் அழைத்த அவர் 1842ல் மதுரையில் பிறந்தார். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தார். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக நுழைந்து, சொந்த முயற்சியால் சட்டம் பயின்று, 1869ல் ஹைக்கோர்ட்டு வக்கீலானார். 1885ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் அவரும் இருந்தார். 1895ல், காலஞ்சென்ற முத்துசாமி ஐயரின் ஸ்தானத்தில் ஹைக்கோர்ட்டு நீதிபதியாக அமர்ந்தார். மும்முறை தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் பணிபுரிந்தார். திவான் பகதூர், கே.ஸி.ஐ.இ. முதலிய விருதுகள் வரிசையாக வந்தன. கண் பார்வை குன்றவே 1907ல் ஓய்வு பெற்று, வேதாந்த விசாரத்திலும் அடையாறு பிரம்மஞான சபையின் பணியிலும் ஈடுபட்டார். அத்துடன் அவர் நின்றிருந்தால் ஆங்கிலேயர்களும் அவரைப் புகழ்ந்துகொண்டே இருந்திருப்பார்கள்.

1916ல் பெஸண்ட் அம்மையார் ஹோம் ரூல் லீகை நிறுவியபோது அதன் கௌரவத் தலைமையை ஐயர் ஏற்றார். 1917 ஜூனில் கவர்னர் பெண்ட்லண்டு பிரபு அம்மையாரையும் அருண்டேல், வாடியா இருவரையும் காவலில் வைத்தார். அம்மாதம் 24ந் தேதி, எழுபத்து நான்கு வயதான ஐயர் அமெரிக்கப் பிரஸிடெண்டு உட்ரோ வில்ஸனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹாட்ச்னர் என்ற அமெரிக்கரும் அவர் மனைவியும் அதைக் கொண்டு சென்றனர். அந்நிய உத்தியோகஸ்தர்கள் பெருஞ் சம்பளம் எடுத்துக்கொள்வதையும், கல்வி மறுக்கப்படுவதையும், தேசபக்தர்கள் சிறையில் வாடுவதையும் அதில் ஒளிக்காமல் கூறினார். சுயாட்சி வாக்களிக்கப்பட்டால் இந்தியா ஆறு மாதத்தில் ஒரு கோடி வீரர்களை யுத்தகளத்துக்கு அளிக்கும் என்றும் எழுதினார். பிறர் பிள்ளைகளை இவ்வளவு தாராளமாக வாக்களிக்க அவருக்கு யார் அதிகாரம் தந்தார்கள் என்று நாம் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆயினும் ராஜத்துரோகம் என்று தூற்றப்பட்ட கடிதத்தில் சாம்ராஜ்யத்துக்குப் படை திரட்டும் யோசனையும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவ்வருஷம் டிசம்பரில் சென்னைக்கு வந்த வைஸ்ராய் செம்ஸ்போர்டு, பேட்டிக்குச் சென்ற கிழவரைக் கடிந்துகொண்டார். மறு வருஷம் இந்தியா மந்திரி மாண்டேகு பார்லிமெண்டிலேயே கண்டித்தார். உயர்பதவி வகித்தவர் இவ்வாறு எழுதியது மன்னிக்க முடியாத பிழை என்பது அவர் கட்சி.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இங்கே ஒரு கணக்குக் கேட்கத் தோன்றுகிறது. நீதிபதிக்குச் சம்பளம் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது? லண்டனிலிருந்து ஒரு காசும் வரவில்லை. தஞ்சை ஜில்லா மிராசுதார் கட்டிய கிஸ்தியும், கூலிக்காரன் கஞ்சியில் போட்ட உப்பின்மீது விதித்த வரியும் சேர்ந்த பொக்கிஷம் அது. இன்னும் வேடிக்கை கேளுங்கள். 1919ம் வருஷத்துச் சட்டம் வரும்வரை இந்தியா மந்திரியின் சம்பளமே இந்தியாவின் வருமானத்திலிருந்துதான் கொடுக்கப்பட்டது. கண்டித்தவரும் கண்டிக்கப்பட்டவரும் ஒரே ஏழையின் உப்பைத் தின்றவர்கள். அவ்விருவரில் அந்த ஏழைக்காகப் பேசியவர் எவரோ அவரையே நன்றி மறந்தவர் என்றார்கள்!

ஐயர் இந்த வாதத்துடன் நின்றுவிடவில்லை. சர்க்கார் கொடுத்தவற்றில் எது கூலி, எது அன்பளிப்பு என்று அவர் பிரித்தறிந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. செய்த வேலைக்குக் கிடைத்தது கூலி. அதற்கு அவர் பன்னிரண்டு வருஷம் நியாயாசனத்தில் உழைத்தாயிற்று. பட்டங்களோ தயவால் வந்தவை. தயவு பகையாய் மாறியபின் அவற்றைச் சுமப்பது மானமாகாது. கே.ஸி.ஐ.இ., திவான் பகதூர் இரண்டையும் 1918லேயே துறந்தார். பட்டங்களை உதறுவது தேசிய வழக்கமாவதற்கு இரண்டு வருஷம் முந்தி நடந்த செய்கை இது. அப்போது அவருக்குப் பின்னால் கூட்டமும் இல்லை, கோஷமும் இல்லை. சென்னை சர்வகலாசாலை அளித்த டாக்டர் பட்டம் மட்டும் அவரிடம் எஞ்சியிருந்தது.

1924 டிசம்பர் 5ந் தேதி அவர் காலமானார். சேப்பாக்கத்தில் சர்வகலாசாலையின் செனட் மாளிகை வளாகத்தில் அவருடைய சிலை இருக்கிறது. கடற்கரைச் சாலை வழியாகச் செல்லும் மாணவர்களில் அது யாருடையது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.