கேரிங்டன் பார்த்த ஐந்து நிமிடம்

ரிச்சர்ட் கேரிங்டன் 1826-ல் லண்டன் மாநகரின் செல்சி பகுதியில் பிறந்தார். அப்பாவுக்கு பீர் காய்ச்சும் ஆலை இருந்தது. பையன் பாதிரியார் ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே வானியல் பேராசிரியர் ஒருவரின் வகுப்பைக் கேட்டதும் மனசு மாறிப்போச்சு.

டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. நல்ல கருவி இல்லாத இடத்தில் என்ன செய்வது? வேலையை விட்டார். 1853-ல் ரெட்ஹில் என்ற ஊரில் சொந்தமாகவே ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். இரவில் நட்சத்திரம், பகலில் சூரியன் என்று உழைத்தார். டெலஸ்கோப் வழியாக வரும் சூரிய பிம்பத்தை 11 அங்குல அகலத்தில் கண்ணாடித் தட்டின் மேல் விழச் செய்து, கரும்புள்ளிகளை நாள்தோறும் குறித்தார். சூரியனின் நடுப்பகுதி வேகமாகவும் துருவப் பக்கம் மெதுவாகவும் சுற்றுகிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தார்.

1858-ல் அப்பா இறந்தார். ஆலைப் பொறுப்பு தலையில் விழுந்தது. குடும்பத் தொழிலா, பிடித்த படிப்பா என்ற இழுபறி நம்மில் சிலருக்கும் தெரிந்ததுதான்!

1859 செப்டம்பர் 1, காலை 11.18 மணி. பெரிய கரும்புள்ளிக் கூட்டத்தின் மேல் திடீரென்று இரண்டு இடத்தில் கண் கூசும் வெள்ளை ஒளி. கருவியில் கோளாறோ என்று முதலில் சந்தேகப்பட்டார். இல்லை என்று தெரிந்ததும் சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தால், ஒளி மங்கிவிட்டது. 11.23-க்கு ஒன்றுமே இல்லை. நல்லவேளை, ஹாட்ஜ்சன் என்பவர் வேறு இடத்திலிருந்து தற்செயலாக அதையே பார்த்திருந்தார். இல்லாவிட்டால் யார் நம்புவார்கள்?

சுமார் 17½ மணி நேரம் கழித்து பூமியைக் காந்தப்புயல் தாக்கியது. பம்பாய் கொலாபா ஆய்வகத்திலும் அது பதிவானது. அமெரிக்காவில் தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியில் தூண்டப்பட்ட மின்னோட்டத்தை வைத்தே பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே செய்தி அனுப்பினார்கள். ஃபாரடே விதியை மனப்பாடம் பண்ணும் எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் கவனிக்க! ஆனால் கேரிங்டன் அவசரப்படவில்லை. ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்து இரண்டையும் முடிச்சுப்போட மாட்டேன் என்று நின்றார்.

1861-ல் சூரிய ஆய்வை நிறுத்தும்படி ஆயிற்று. 1875-ல், 49 வயதில் இறந்தார்.

அவர் கண்டது வெடிப்பின் அடிப்பாகம் மட்டுமே. மேலே கரோனா என்ற வளிமண்டலம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் இரும்பு அணு 8 எலெக்ட்ரான்களை இழந்து 17.1 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. இதுதான் அதீதப் புறஊதா ஒளி. நம் காற்று அதைத் தரைக்கு விடாது. கண்ணாடி லென்ஸும் விழுங்கிவிடும். அதனால் மாலிப்டினமும் சிலிக்கானும் அடுக்கடுக்காகப் பூசிய ஆடிகளோடு டெலஸ்கோப்பை விண்வெளிக்கே அனுப்பினார்கள். 1995-ல் சோஹோ போனது. 2010-ல் போன எஸ்.டி.ஓ. விண்கலம் இந்த அலைநீளத்தில் 12 விநாடிக்கு ஒரு படம் எடுக்கும்படி அமைக்கப்பட்டது. கேரிங்டன் பார்த்த அந்த ஐந்து நிமிடத்துக்கு 25 படம்.