பாடகர்கள் சிதறிய பின்னும் எழுதியவர்: ஹைன்ரிச் ஷூட்ஸ்

லிந்துலைப் பக்கத்துத் தோட்டத் தேவாலயம் ஒன்றில் கடந்த நத்தாருக்குப் பாட்டுப் பழகியபோது நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்கள் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும். இருக்கிறவர்களை வைத்து என்ன பாடலாம் என்ற பேச்சு வந்ததும் எனக்கு ஹைன்ரிச் ஷூட்ஸ் நினைவுக்கு வந்தார். ஜெர்மனியைச் சிதைத்த முப்பதாண்டுப் போரை (1618–1648) வாழ்ந்து கடந்த இசையமைப்பாளர் அவர்.

பாக் பிறப்பதற்குச் சரியாக நூறு ஆண்டுகள் முன்பு, 1585 இல், விடுதி நடத்திய குடும்பத்தில் பிறந்தார். 1598 இல் அந்த விடுதியில் தங்கிய ஹெஸ்ஸே-காசல் சிற்றரசர் மோரிட்ஸ், சிறுவனின் குரலைக் கேட்டு அவனைத் தன்னிடம் அனுப்பும்படி பெற்றோரிடம் கேட்டார். சட்டம் படித்துக்கொண்டிருந்தவரை 1609 இல் செலவு கொடுத்து வெனிஸுக்கு அனுப்பியதும் அவரே. அங்கே குரு ஜொவானி கேப்ரியெலி. 1612 இல் இறந்தபோது தன் மோதிரம் ஒன்றை இந்த மாணவனுக்கு விட்டுச் சென்றார்.

வெனிஸில் அவர் கற்றவற்றில் ஒன்று, பல குழுக்களைத் தனித்தனியே நிறுத்திப் பாடவைப்பது. இன்னொன்று கவுண்டர்பொயிண்ட். நமது பஜனையில் ஒருவர் பாடி முடித்த பின்னரே மற்றவர்கள் அந்த அடியை வாங்குவார்கள். இதில் காத்திருப்பு இல்லை. முதற்குரல் பாடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குரல் அதே மெட்டோடு நுழையும், பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றும் தன் வழியே போகும். ஆனால் ஒன்றோடொன்று இசையும். எந்தக் குரலும் வெறும் துணைக்குரல் அல்ல.

டிரெஸ்டனில் சாக்சனி அரசரின் இசைத் தலைவரானபின், 1619 இல் 'தாவீதின் சங்கீதங்கள்' வெளிவந்தது. பல குழுக்களும் வாத்தியங்களும் சேரும் பிரமாண்டமான இசை அது. அதே ஆண்டில் திருமணம். 1625 இல் மனைவி மக்டலேனா இறந்தார். இரண்டு பெண் குழந்தைகள். ஷூட்ஸ் மறுமணம் செய்யவில்லை.

1631 இல் சாக்சனியும் போரில் இறங்கியது. பணம் படைக்குப் போனது, இசைக்குழுவுக்குச் சம்பளம் நின்றது. பாடகர்கள் சிலர் இறந்தார்கள், சிலர் பிழைப்புத் தேடிப் போனார்கள். நான்கு குழுக்களுக்கு எழுதப் பழகிய கை இப்போது ஒன்று முதல் ஐந்து குரல்களுக்கும் ஓர் ஓர்கனுக்கும் எழுதியது. 1636 இலும் 1639 இலும் அச்சான 'சிறு திருக் கச்சேரிகள்' இவை. போர் இசையை எந்த நிலைக்குத் தள்ளியது என்பதை முதற் பகுதியின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். இரண்டுக்கும் இடையே, 1638 இல், மூத்த மகளும் போய்விட்டாள். அவருடைய பெரிய படைப்புகளைவிட எனக்கு இவைதான் பிடிக்கும். ஒற்றைக் குரல் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத இசை.

சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான 1648 இல் 29 பாடல்கள் கொண்ட 'திருப்பாடற்குழு இசை' வந்தது. லைப்சிக் நகருக்கும் அதன் புனித தோமா ஆலயப் பாடகர் குழுவுக்கும் அதைக் காணிக்கையாக்கினார். பிற்காலத்தில் பாக் நடத்தப்போகும் குழு அது. ஓர்கனின் அடிச்சுரத்தில் சாய்ந்துகொள்ளாமல் முதலில் கவுண்டர்பொயிண்ட்டை முறையாகப் பழகுங்கள் என்று இளம் இசையமைப்பாளர்களை முன்னுரையில் கேட்டுக்கொண்டார். போருக்குள் வளர்ந்த தலைமுறையிடம் இந்த வித்தை போய்ச் சேராமலே போய்விடும் என்ற பயம் அதில் எனக்குத் தெரிகிறது.

போர் முடிந்தும் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. பாடகர் ஒருவர் உடுப்பை அடகு வைத்துவிட்டார் என்று அரண்மனைக்கு எழுதினார். தன் கைப்பணத்தையும் கொடுத்தார். 1651 இல், 65 வயதில், ஓய்வு கேட்டு வாழ்க்கை வரலாற்றையே மனுவாக எழுதினார். 1656 இல் அரசர் இறந்த பிறகுதான் அது கிடைத்தது. 1655 இல் இளைய மகளும் இறந்திருந்தாள்.

எழுதுவதை நிறுத்தவில்லை. 80 வயதில் வாத்தியமே இல்லாத, மனிதக் குரல் மட்டும் கொண்ட மத்தேயு பாடுகளின் இசை. கடைசியாக 119 ஆம் சங்கீதம், மீண்டும் இரண்டு குழுக்களுக்கு.

1672 நவம்பர் 6 இல் இறந்தார். டிரெஸ்டனின் பழைய மரியன்னை ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1727 இல் அந்தக் கட்டடத்தை இடித்தபோது கல்லறையும் போயிற்று. பிறகு எழுந்த புதிய ஆலயம் 1945 குண்டுவீச்சுக்குப் பின் இடிந்து விழுந்தது. 2005 இல் மீண்டும் திறந்தார்கள். ஷூட்ஸின் கல்லறை மட்டும் இல்லை.